ஆட்டோமேட்டிக் வாட்சுக்கு வைண்டர் வேண்டுமா, வேண்டுமென்றால் எது?

கேட்டவரிடம் மூன்று ஆட்டோமேட்டிக் வாட்சுகள், அதாவது கை அசைவிலேயே தானாக முறுக்கேறுபவை, இருக்கின்றன: 7எஸ்26 இயந்திரம் உள்ள பழைய சீக்கோ 5, டிஸ்ஸோ பவர்மேட்டிக் 80, வால்ஜூ 7750 இயந்திரம் உள்ள ஒரு குரோனோகிராஃப் (ஸ்டாப்வாட்சும் சேர்ந்த வாட்ச்). இவற்றோடு அப்பா கட்டிய எச்எம்டி ஜனதாவும் உண்டு. வேலைநாளில் டிஸ்ஸோ, விடுமுறையில் மற்றவை. கட்டாமல் வைத்த வாட்ச் நின்றுபோகிறது. நின்றே கிடந்தால் உள்ளே எண்ணெய் கெட்டியாகிவிடும் என்று கடைக்காரர் பயமுறுத்துகிறார். கட்டாத வாட்சை மோட்டாரால் சுற்றி முறுக்கேற்றிவைக்கும் வைண்டர் பெட்டி, இரண்டு வாட்ச் வைப்பதாக ஒன்று வாங்கலாமா, எதைப் பார்த்து வாங்குவது, வாங்கினால் எப்படிப் பயன்படுத்துவது என்பது கேள்வி.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். டிஸ்ஸோவுக்கு வேண்டாம். சீக்கோவுக்கும் வேண்டாம். ஜனதாவுக்கு வைண்டரால் எந்தப் பயனும் இல்லை. குரோனோகிராஃபுக்கு மட்டும், அதையும் நீங்கள் அடிக்கடி கட்டுகிறவர் என்றால், வாங்கலாம். அப்படி வாங்குவது ஒற்றை வாட்ச் வைப்பதாக, ஒரு நாளைக்கு எத்தனை சுற்று, எந்தத் திசையில் என்று நாமே அமைக்கக்கூடியதாக இருக்க வேண்டும். பளபளக்கும் மரப்பெட்டி, கண்ணாடிக் கதவு, நீல விளக்கு இவையெல்லாம் தளபாடக் கணக்கில் வருபவை. வாட்சுக்கும் அவற்றுக்கும் சம்பந்தமில்லை.

ஜனதாவை முதலில் ஒதுக்கிவிடலாம். அது நாள்தோறும் நாமே சாவி கொடுக்க வேண்டிய வாட்ச். எச்எம்டி 1961இல் ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தோடு சேர்ந்து பெங்களூரில் வாட்ச் செய்யத் தொடங்கியது. அதன் ஜனதா, பைலட் ஆகியவை கையால் சாவி கொடுப்பவை. காஞ்சன், ரஜத் போன்றவை ஆட்டோமேட்டிக். ஜனதாவை வைண்டரில் போட்டால் அது பாட்டுக்குச் சுற்றும், உள்ளே எதுவும் முறுக்கேறாது. காலையில் ஒரு நேரம் வைத்துக்கொண்டு, பக்கவாட்டுத் திருகு இறுகுவது விரலுக்குத் தெரியும்வரை சாவி கொடுங்கள், இறுகியதும் நிறுத்துங்கள்.

இனி ஆட்டோமேட்டிக். வாட்சின் பின்மூடியைத் திறந்தால் அரைவட்டமாக ஒரு கனத்த தகடு தெரியும். அதுதான் ரோட்டார். நடுவில் மட்டும் பிடிப்பு இருப்பதால் அதன் கனமான பக்கம் எப்போதும் பூமியை நோக்கித் தொங்கப் பார்க்கும். கை அசையும்போது வாட்ச் திரும்புகிறது, ரோட்டார் கீழேயே தங்கப் பார்க்கிறது. இந்த இடைவித்தியாசம் சில பற்சக்கரங்களைத் தாண்டிப்போய், வாட்சை ஓட்டும் சுருள்வில்லை முறுக்குகிறது. 1770களில் சுவிட்சர்லாந்தின் லெ லோக்ல் ஊரைச் சேர்ந்த ஆபிரகாம்-லூயி பெரெலே சட்டைப்பைக் கடிகாரத்துக்கே இதைச் செய்து பார்த்தவர் என்று சொல்வார்கள். கைக்கடிகாரத்துக்கு அதைக் கொண்டுவந்தவர் ஆங்கிலேயரான ஜான் ஹார்வுட், 1920களில். அவருடைய தகடு முழுவட்டம் சுற்றாது. ஒரு பக்கம் போய் முட்டி, மறுபக்கம் திரும்பும். தடையில்லாமல் முழுவட்டம் சுற்றும் ரோட்டாரை ரோலெக்ஸ் 1931இல் கொண்டுவந்து நிலைநாட்டியது.

வைண்டர் இதில் கையின் இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. வாட்சைச் சாய்வாகவோ செங்குத்தாகவோ நிறுத்தி மெதுவாகச் சுற்றுகிறது. வாட்ச் சுற்ற, ரோட்டார் கீழேயே தொங்க, வைண்டரின் ஒரு சுற்று ரோட்டாருக்கும் ஒரு சுற்றாகிறது. இதிலிருந்தே இரண்டு விஷயங்கள் விளங்கிவிடும். டயல் வானத்தைப் பார்க்கும்படி வாட்சைப் படுக்கவைத்துச் சுற்றும் பெட்டி வேலைக்காகாது, ஏனெனில் அந்த நிலையில் ரோட்டாரைக் கீழே இழுக்க ஈர்ப்புவிசைக்குப் பிடி இல்லை. வேகமாகச் சுற்றுவதும் வீண், ரோட்டாரும் வாட்சோடு சேர்ந்தே சுற்றத் தொடங்கிவிடும். நிதானமாகச் சுற்றுவதுதான் நல்ல வைண்டர். கடையில் விறுவிறுவென்று சுழன்று காட்டுகிறதே என்று மயங்க வேண்டாம்.

இரவும் பகலும் சுற்றினால் சுருள்வில் அளவுக்கு மீறி முறுகி அறுந்துவிடாதா என்று பலர் அஞ்சுகிறார்கள். அறாது. ஆட்டோமேட்டிக் வாட்சில் சுருள்வில்லின் வெளிமுனை அது அடங்கியிருக்கும் டப்பாவின் சுவரில் கொக்கி போட்டு மாட்டப்பட்டிருப்பதில்லை. சுவரை அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான். முழுதாக முறுகியதும் பிடி நழுவிக் கொஞ்சம் வழுக்கும், மறுபடி பிடித்துக்கொள்ளும். பட்டெக் நிறுவனத்தின் ஏட்ரியன் ஃபிலிப் 1863இலேயே இந்த வழுக்கும் சுருள்வில்லுக்குக் காப்புரிமை பெற்றுவிட்டார். ஆட்டோமேட்டிக் கைக்கடிகாரம் சந்தைக்கு வரும் முன்பே அதற்கு வேண்டிய காப்பு தயாராக இருந்தது.

ஆனால் அறாது என்பதால் கேடே இல்லை என்று ஆகிவிடாது. முழுதாக முறுகிய பிறகும் ஆயிரக்கணக்கில் சுற்றினால் அந்த வழுக்கல் ஓயாமல் நடக்கும். சுவரில் பூசிய பிரத்தியேக கிரீஸ் தேயும். ரோட்டாரின் இரு திசைச் சுழற்சியையும் ஒரே திசையாக மாற்றிக் கொடுக்கும் சிறு சக்கரங்களும் வேலையில்லாத வேலை செய்து தேயும். அதனால்தான் சுற்றுக்கணக்கு முக்கியம் என்கிறேன். தேவைக்குச் சற்று மேலே இருந்தால் நல்லது. பல மடங்கு மேலே போனால் உங்கள் வாட்சுக்கு நீங்களே பணம் கொடுத்துத் தேய்மானம் வாங்குகிறீர்கள்.

கடைக்காரர் சொன்ன எண்ணெய்ச் சங்கதிக்கு வருவோம். அது முழுப் பொய் அல்ல, காலாவதியான உண்மை. விலங்குக் கொழுப்பிலிருந்து எடுத்த எண்ணெய் போட்ட காலத்தில் அது பிசினாகிக் கெட்டிப்படும். இன்று நல்ல பட்டறைகளில் போடுவது செயற்கை எண்ணெய். சில வாரம், சில மாதம் நின்று கிடப்பதால் அது உறையாது. எண்ணெய்க்கு வயதாவது வாட்ச் ஓடினாலும் நடக்கும், நின்றாலும் நடக்கும். ஆனால் ஓடும் வாட்சில் எண்ணெய் முதுமையடைவதோடு உலோகமும் தேய்கிறது. நிற்கும் வாட்சில் தேய்மானம் இல்லை. ஆகவே வாட்சின் உடல்நலத்துக்காக வைண்டர் வாங்குகிறேன் என்பவரிடம் நான் ஒத்துப்போவதில்லை. வருடக்கணக்காகத் தொடாமல் போட்டுவைப்பதும் நல்லதல்ல என்பது உண்மைதான். அதற்கு மருந்து எளிது: மாதம் ஒரு முறை எடுத்து ஒரு நாள் கட்டிக்கொள்ளுங்கள். வைண்டரில் வைத்திருந்தாலும் இல்லாவிட்டாலும் ஐந்து, ஏழு ஆண்டுகளுக்கு ஒரு முறை சர்வீஸ் கொடுத்தே ஆக வேண்டும். வைண்டர் அந்தத் தேதியைத் தள்ளிப்போடாது. ஒருவேளை முன்னுக்கு இழுக்கலாம்.

அப்படியானால் வைண்டர் எதற்கு? தேதிக்காக. மணி தவறாமல் இருப்பதற்காக என்று பெரும்பாலோர் நினைக்கிறார்கள், அங்கேதான் ஏமாற்றம் காத்திருக்கிறது. சீக்கோவின் 7எஸ், 4ஆர் வகை இயந்திரங்களுக்கு நிறுவனமே தரும் அளவு ஒரு நாளைக்கு 45 விநாடி வேகம் முதல் 35 விநாடி தாமதம் வரை. நாளுக்கு 45 விநாடி முந்தும் வாட்சை இரண்டு வாரம் வைண்டரில் ஓடவிட்டால், எடுக்கும்போது பத்தரை நிமிடம் முந்தியிருக்கும். துல்லியத்துக்கான சுவிஸ் குரோனோமீட்டர் சான்று பெற்ற வாட்சுக்கே நாளுக்கு 4 விநாடி தாமதம் முதல் 6 விநாடி வேகம் வரை அனுமதி உண்டு. ஒரு மாதத்தில் அதுவும் மூன்று நிமிடம் வரை போகலாம். வைண்டரில் வாட்ச் இருக்கும் நிலை கையில் இருக்கும் நிலையைப் போன்றதல்ல, ஆகவே கையில் துல்லியமாக ஓடும் வாட்ச் பெட்டிக்குள் வேறு வேகத்தில் ஓடுவதும் உண்டு. எப்படியும் எடுத்துக் கட்டும்போது மணியைச் சரிசெய்யத்தான் போகிறீர்கள். முள்ளை எப்படியும் திருகத்தான் வேண்டும் என்றால், தேதியையும் சேர்த்துத் திருகுவது எவ்வளவு பெரிய பாடு என்பதே உண்மையான கேள்வி.

தேதி, கிழமை மட்டும் காட்டும் வாட்சுக்கு அது ஒரு நிமிட வேலை. நாள்காட்டி சிக்கலாகச் சிக்கலாகத்தான் வைண்டருக்கு நியாயம் பிறக்கிறது. 30, 31, பிப்ரவரி, லீப் ஆண்டு எல்லாம் தானே அறிந்து மாறும் நிரந்தர நாள்காட்டி வாட்சுகள் இருக்கின்றன. ஐடபிள்யூசி நிறுவனத்துக்காகக் குர்ட் கிளவுஸ் வடிவமைத்து 1985இல் டாவின்சி வாட்சில் வந்த அமைப்பு புகழ்பெற்றது. அதில் நாள்காட்டி முழுவதையும் திருகு ஒன்றாலேயே நகர்த்தலாம், ஆனால் முன்னோக்கி மட்டும்தான். நின்றுபோன வாட்சை எடுத்து, ஆர்வக்கோளாறில் நான்கு நாள் கூடுதலாக நகர்த்திவிட்டால், உண்மையான தேதி வந்து சேரும்வரை நிறுத்தி வைத்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், அல்லது பட்டறைக்கு அனுப்ப வேண்டும். வேறு சிலவற்றில் பக்கவாட்டில் ஊசிமுனை அளவு பொத்தான்கள் இருக்கும். கிழமைக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, நிலவுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றையும் முறை தவறாமல் அழுத்த வேண்டும். இவ்வகை வாட்ச் வைத்திருப்பவர்கள் வைண்டர் வைத்துக்கொள்வதில் ஆச்சரியமே இல்லை. அவர்களுக்காகப் பிறந்த பொருள் அது. மற்றவர்களுக்கு விற்பனையாளர்கள் அதை நீட்டித்துக்கொண்டார்கள் என்பது என் அபிப்பிராயம்.

உங்கள் மூன்றையும் இந்தத் தராசில் வையுங்கள். பவர்மேட்டிக் 80 என்ற பெயரிலேயே விடை இருக்கிறது. முழுதாக முறுகினால் 80 மணி நேரம் ஓடும். வெள்ளி இரவு 8 மணிக்குக் கழற்றினால் செவ்வாய் அதிகாலை 4 மணிவரை ஓடும். திங்கள் காலையில் எடுத்துக் கட்ட வேண்டியதுதான். நீண்ட விடுமுறை என்றால் ஞாயிறு மாலை திருகை முப்பது நாற்பது முறை சுற்றிவிடுங்கள்.

சீக்கோ கொஞ்சம் வேறு மாதிரி. 7எஸ்26க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது, திருகு முள்ளையும் தேதியையும் நகர்த்த மட்டுமே. சுமார் 40 மணி நேரத்தில் நின்றுவிடும். நின்றதை ஓடவைக்க, வாட்சைக் கிடையாகப் பிடித்து அரை நிமிடம் பக்கவாட்டில் வளைத்து வளைத்து ஆட்டினால் போதும், பிறகு கட்டிக்கொண்டால் கை அசைவில் மெல்ல முறுகிவிடும். படபடவென்று உதற வேண்டியதில்லை. இந்த வாட்சின் பலமே 1959இல் சீக்கோ கொண்டுவந்த மேஜிக் லீவர் என்ற எளிய அமைப்பு. ரோட்டார் எந்தப் பக்கம் சுற்றினாலும் இரண்டு கொக்கிகள் மாறி மாறி ஒரு பற்சக்கரத்தை ஒரே பக்கம் இழுத்தும் தள்ளியும் முறுக்கிவிடும். அதனால் சின்ன அசைவும் வீணாவதில்லை. இந்த வாட்சைவிட விலை கூடிய வைண்டரை இதற்காக வாங்குவது எனக்கு விளங்காத கணக்கு. கையால் சாவி கொடுக்கும் வசதி வேண்டும் என்றால் பழுதுபார்ப்பவர்கள் பலர் சீக்கோவின் என்எச்36 இயந்திரத்தை அந்தக் கூட்டில் பொருத்தித் தருகிறார்கள். வைண்டருக்குப் போகும் பணத்துக்கு அது இன்னும் நல்ல வழி.

குரோனோகிராஃப் மிஞ்சுகிறது. 7750க்குக் கையாலும் சாவி கொடுக்கலாம், ஏறக்குறைய இரண்டு நாள் ஓடும். கிழமை, தேதி இரண்டும் உண்டு. வாரத்துக்கு ஒரு முறை கட்டுபவருக்கு ஒவ்வொரு முறையும் அது நின்றுதான் கிடக்கும். இரண்டையும் சரிசெய்வது சலிப்பாக இருக்கிறது என்றால் வைண்டர் வாங்குங்கள். குற்றம் ஒன்றுமில்லை. ஆனால் இந்த இயந்திரத்துக்கு ஒரு குணம் உண்டு, வைண்டர் வாங்குபவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழுவது இங்கேதான்: இதன் ரோட்டார் ஒரு திசையில் சுற்றினால் மட்டுமே சுருள்வில்லை முறுக்கும். எதிர்த்திசையில் தடையின்றிச் சுழன்று போகும். கையில் கட்டியிருக்கும்போது திடீரென்று உள்ளே ஏதோ பம்பரம்போல் சுழன்று அதிர்வதை உணர்ந்திருப்பீர்களே, அது பழுதல்ல, இந்த வெறுஞ்சுழற்சிதான்.

இப்போது எண்களைப் பார்ப்போம். வைண்டர் உலகில் ஒரு நாளைக்கு எத்தனை சுற்று என்பதே அடிப்படை அளவு. பெரும்பாலான ஆட்டோமேட்டிக்குகளுக்கு 650 முதல் 800 வரை போதும். இரு திசையிலும் முறுகும் ஈடிஏ 2824 போன்ற சுவிஸ் இயந்திரங்களுக்கும் சீக்கோவுக்கும் 650இல் தொடங்கலாம். 7750க்கு வழக்கமாகச் சொல்லப்படுவது வலஞ்சுழியாக 800. இங்கே ஒரு பொறி இருக்கிறது. இரு திசையிலும் மாறி மாறிச் சுற்றும் அமைப்பில் 800 என்று வைத்தால், வலஞ்சுழியாகக் கிடைப்பது 400 மட்டும். மீதி 400 சுற்றில் உங்கள் குரோனோகிராஃபின் ரோட்டார் சும்மா சுழன்றுகொண்டிருக்கும். வைண்டரில் வைத்தும் வாட்ச் நிற்கிறது என்று புகார் சொல்பவர்களின் வாட்சைப் பார்த்தால் பெரும்பாலும் ஒரு திசை இயந்திரமாகவே இருக்கும். ஜப்பானிய இயந்திரங்களான மியோட்டா 8215, 9015 போன்றவையும் ஒரு திசைக்காரர்கள்தான். திசையைத் தேர்ந்தெடுக்க முடியாத வைண்டரை இவற்றுக்கு வாங்கவே கூடாது.

650 சுற்று என்றதும் பெட்டி நாள் முழுக்க ஓடும் என்று எண்ண வேண்டாம். நிமிடத்துக்கு 10 சுற்று வேகம் என்றால் 65 நிமிடத்தில் ஒரு நாள் கோட்டா முடிந்துவிடும். நல்ல வைண்டர் அதை 24 மணி நேரத்துக்கும் சின்னச் சின்னப் பங்குகளாகப் பிரித்துச் சுற்றிவிட்டு மற்ற நேரம் சும்மா இருக்கும். மலிவு விலைப் பெட்டிகளில் நாளுக்கு எத்தனை சுற்று என்று எழுதியிருக்க மாட்டார்கள். இரண்டு நிமிடம் சுற்றும், ஆறு நிமிடம் ஓய்வெடுக்கும் என்றுதான் இருக்கும். கேட்க நியாயமாகத் தோன்றும், கணக்குப் போட்டுப் பாருங்கள். எட்டு நிமிடத்துக்கு ஒரு தடவை என்றால் ஒரு நாளில் 180 தடவை. தடவைக்கு இரண்டு நிமிடம், நிமிடத்துக்கு 10 சுற்று. மொத்தம் 3,600 சுற்று. பாதி நாள் ஓய்வு கொடுத்தாலும் 1,800. தேவைக்கு இரண்டு மடங்கும் ஐந்து மடங்கும் என்று இது போகிறது. அட்டையில் கணக்கு இல்லாவிட்டால் வேகத்தை நீங்களே எண்ணிக் கண்டுபிடிக்கலாம்: வாட்சை மாட்டும் மெத்தையில் ஒரு சின்ன ஒட்டுத்தாளை அடையாளமாக ஒட்டி, ஒரு நிமிடத்துக்கு எத்தனை முறை மேலே வருகிறது என்று பாருங்கள். அதை வைத்து நாள் கணக்கைப் போட்டுவிடலாம்.

இரண்டு வாட்ச் பெட்டி வாங்குவதாகச் சொன்னீர்கள். பல இரட்டைப் பெட்டிகளில் மோட்டார் ஒன்றுதான், அது இரண்டு தலைகளையும் ஒரே அளவில் சுற்றும். அல்லது ஒரே மேடையில் இரண்டு வாட்சையும் எதிரெதிரே வைத்து மொத்தமாகச் சுழற்றும். 650 போதும் என்ற வாட்சும் 800 ஒரு திசையில் கேட்கும் வாட்சும் அதில் ஒத்துவாழ முடியாது. தலைக்கு ஒரு மோட்டார், தனித்தனி அமைப்பு என்றிருந்தால் மட்டும் இரட்டையைப் பாருங்கள். உங்கள் நிலைமைக்கு ஒன்றே போதும். 1834இல் ஜெர்மனியில் தொடங்கிய உல்ஃப், பிரிட்டனின் பாரிங்டன், சுவிஸ் கூபிக் போன்றவை சுற்றுக்கணக்கையும் திசையையும் ஒழுங்காக அமைக்க விடுகின்றன. பெயரில்லாத பெட்டிகளிலும் இந்த வசதி உள்ளவை வந்துவிட்டன. பெயரைவிட இந்த இரண்டு வசதியையே பாருங்கள்.

அடுத்தது மோட்டாரின் பலம். எஃகுச் சங்கிலியோடு குரோனோகிராஃப் நல்ல கனம். வாட்ச் இருக்கும் பக்கம் கனமாகவும் எதிர்ப்பக்கம் லேசாகவும் இருப்பதால், சுற்றின் ஒரு பாதியில் மோட்டார் பாரத்தை மேலே தூக்க வேண்டியிருக்கிறது. பலவீனமான மோட்டார் அங்கே திணறும், திடுக்கிடும், சில நேரம் நின்றே போகும். வாங்கும்போது உங்கள் வாட்சையே மாட்டிச் சில சுற்றுகள் பாருங்கள். ஒரே சீராகப் போகிறதா என்று கண்ணுக்கே தெரியும். சத்தத்தையும் அப்போதே கேளுங்கள். கடையின் இரைச்சலில் எல்லாப் பெட்டியும் மௌனமாகத்தான் இருக்கும். திருப்பிக் கொடுக்க வசதி இருந்தால் இரவு படுக்கையறையில் ஒரு முறை வைத்துப் பார்ப்பது நல்லது. வெற்று மர மேசை சத்தத்தைப் பெருக்கும், அடியில் கம்பளித் துணி மடித்துப் போட்டால் பாதி குறையும்.

மெத்தையைப் பற்றி யாரும் பேசுவதில்லை, ஆனால் தினமும் கையாளப்போவது அதைத்தான். சின்ன மணிக்கட்டுக்காகச் சங்கிலியின் கண்ணிகளைக் கழற்றியிருந்தால், பெரிய கை அளவுக்குச் செய்த மெத்தையில் வாட்சைத் திணிக்க வேண்டியிருக்கும். தோல் வார் என்றால் ஒரே இடத்தில் வளைந்து வெடிக்கும். அழுத்தினால் சுருங்கும் மெத்தை, அல்லது சின்னதும் பெரியதுமாக இரண்டு மெத்தை தருகிற பெட்டி நல்லது. தளர்வாக இருந்தாலும் தொல்லைதான்: வாட்ச் வழுக்கி, சுற்றும்போது பெட்டியின் ஓரத்தில் உரசும்.

மோட்டாருக்குள் காந்தம் இருக்கிறதே, வாட்சைக் கெடுக்காதா? கேட்க வேண்டிய கேள்விதான். வாட்சின் வேகத்தைக் கட்டுப்படுத்தும் மெல்லிய சுருளான ஹேர்ஸ்பிரிங்கில் காந்தம் ஏறினால் அதன் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டி வாட்ச் நாளுக்குப் பல நிமிடம் முந்தும். ஒழுங்கான வைண்டரில் மோட்டார் வாட்சிலிருந்து தள்ளியிருக்கும் அல்லது உலோக உறையில் இருக்கும். சந்தேகம் இருந்தால் ஒரு திசைகாட்டியை, பொம்மைக் கடையில் கிடைப்பதே போதும், மெத்தை இருக்கும் இடத்தில் வைத்துப் பெட்டியை ஓடவிடுங்கள். ஊசி பைத்தியம் பிடித்தாற்போல் ஆடினால் பெட்டியைத் திருப்பிக் கொடுங்கள். மூடியில் பதித்த காந்தப் பூட்டையும் இப்படியே சோதித்துவிடுங்கள். நடைமுறையில் நான் பார்க்கும் காந்தக் கேஸ்களுக்கு வைண்டரைவிடக் கைப்பேசி ஒலிபெருக்கியும் டேப்லெட் உறையின் காந்தமும்தான் அதிகம் காரணம். டிஸ்ஸோவின் புதிய பவர்மேட்டிக்குகள் பலவற்றில் நிவாக்ரான் ஹேர்ஸ்பிரிங் இருக்கிறது, அது காந்தத்துக்கு எளிதில் மசியாது. உங்கள் சீக்கோவுக்கும் குரோனோகிராஃபுக்கும் அந்தக் கவசம் இல்லை. காந்தம் ஏறிவிட்டாலும் பதற வேண்டாம், அதை நீக்கும் சிறு கருவி பழுதுபார்ப்பவர் மேசையிலேயே இருக்கும், சில விநாடி வேலை.

மின்சாரம் பற்றி ஒரு வரி. பெட்டியோடு வந்த அடாப்டரையே பயன்படுத்துங்கள். 5 வோல்ட் பெட்டிக்கு 12 வோல்ட் அடாப்டர் முனை பொருந்துகிறது என்பதற்காகச் செருகினால் மோட்டார் போய்விடும். அடிக்கடி மின்வெட்டு வரும் ஊரில், மின்சாரம் திரும்பியதும் பல பெட்டிகள் அன்றைய கணக்கை முதலிலிருந்து தொடங்கும் என்பதை மனத்தில் வையுங்கள். அங்கே பேட்டரியிலும் ஓடுவது வசதி.

வாங்கியாயிற்று என்று வைத்துக்கொள்வோம். நின்றுபோன வாட்சை அப்படியே வைண்டரில் போடாதீர்கள். வைண்டர், இருக்கிற முறுக்கைத் தக்கவைக்கும் கருவி. காலியான சுருள்வில்லை நிரப்ப அதன் சுற்றுக்கணக்கு போதாமல் போகலாம். குரோனோகிராஃபின் திருகை முப்பது நாற்பது முறை சுற்றி முழுதாக முறுக்குங்கள். பிறகு மணி, தேதி. இரவு 9 மணி முதல் அதிகாலை 4 மணி வரையிலான நேரத்தை முள் காட்டும்போது தேதியை விரைவாக மாற்றும் திருகுநிலையைத் தொடவே கூடாது. அந்நேரம் தேதிச் சக்கரத்தோடு பற்கள் ஏற்கெனவே கோத்துக்கொண்டிருக்கும், வலுக்கட்டாயமாகத் தள்ளினால் பல் ஒடியும். முள்ளை முதலில் ஆறு மணிக்குக் கொண்டுபோய்விடுங்கள். தேதியை நேற்றைய தேதியில் வையுங்கள். பிறகு முள்ளை முன்னோக்கிச் சுற்றுங்கள், தேதி மாறும் இடம்தான் நள்ளிரவு. அதன் பிறகு காலையா மாலையா என்று குழப்பமில்லாமல் மணியை வைக்கலாம்.

ஸ்டாப்வாட்ச் பகுதி ஓடிக்கொண்டிருந்தால் நிறுத்திவிட்டு, வலஞ்சுழியாக 800 என்று அமைத்து வையுங்கள். இரண்டு நாளைக்கு மேல், அதாவது அதன் சேமிப்பு தீரும் காலத்தைத் தாண்டி, ஓடவிட வேண்டும். முதல் நாள் ஓடுவதைப் பார்த்து மகிழ்வதில் அர்த்தமில்லை, அது நீங்கள் கையால் கொடுத்த முறுக்கில் ஓடுவது. மூன்றாம் நாளும் ஓடிக்கொண்டிருந்தால் வைண்டர் வேலை செய்கிறது. அப்போது எடுத்து மேசையில் வைத்து, எத்தனை மணி நேரத்தில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். முழுச் சேமிப்புக்குப் பக்கத்தில் வந்தால் அமைப்பு சரி. வேண்டுமானால் 50, 100 குறைத்தும் பாருங்கள், குறைந்த அளவில் ஓடினால் குறைந்த அளவே நல்லது. பத்து பன்னிரண்டு மணி நேரத்திலேயே நின்றால் வாட்ச் அரைவயிற்றோடு ஓடியிருக்கிறது என்று பொருள், அந்த நிலையில் துல்லியமும் குறையும். அப்போது சுற்றைக் கூட்டுங்கள்.

வைண்டரிலேயே நின்றுவிட்டால் முதலில் திசையை மாற்றிப் பாருங்கள். வலஞ்சுழி என்பதை டயல் பக்கமிருந்து பார்ப்பதா பின்பக்கமிருந்தா என்பதில் பெட்டிக்குப் பெட்டி வேறுபாடு உண்டு, கையேட்டின் படத்தை நம்புவதைவிடச் சோதனையை நம்பலாம். எதிர்த்திசையிலும் 800, 900 கொடுத்தும் நிற்கிறது, ஆனால் கையால் சாவி கொடுத்தால் இரண்டு நாள் ஒழுங்காக ஓடுகிறது என்றால், பிழை பெட்டியில் இல்லை. வாட்சின் தானியங்கி முறுக்கும் பகுதி அழுக்கேறியோ தேய்ந்தோ இருக்கிறது. கையில் நாள் முழுக்கக் கட்டியும் இரவில் சீக்கிரம் நிற்கிறதா என்று ஒரு நாள் பார்த்துவிட்டு, 7750 திறந்து பழகிய பழுதுபார்ப்பவரிடம் கொண்டுபோங்கள். வாட்ச் நிற்கிறது என்று பொதுவாகச் சொல்லாமல், கையால் கொடுத்தால் ஓடுகிறது, ரோட்டார் முறுக்குவதில்லை என்று சொல்லுங்கள். எங்கே பார்க்க வேண்டும் என்பது அவருக்கு உடனே தெரிந்துவிடும்.